செல்லுக்குள் தெர்மாமீட்டர் வைக்க முடியாது

மின்சார ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உருளை வடிவச் செல்கள்தான் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் 21700 என்றொரு வகை. பெயரிலேயே அளவு இருக்கிறது: 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் உயரம். எடை ஏறக்குறைய 70 கிராம். கொள்ளளவு 5 ஆம்பியர்-மணி. உள்மின்தடை 25 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டு, செல்லை அரை மணி நேரத்தில் காலி செய்யும் வேகத்தில் 10 ஆம்பியர் இழுத்துப் பார்ப்போம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கு என்ற பள்ளிக்கூடச் சூத்திரத்தைப் போட்டால் 2.5 வாட் வெப்பம் பிறக்கிறது. அது வெளியேற வழியே இல்லை என்றால் செல்லின் வெப்பநிலை நிமிடத்துக்கு 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் ஏறும். அரை மணி நேரத்தில் 64 டிகிரி. மே மாத மதியம் 40 டிகிரியில் கிளம்பிய வண்டியின் பேட்டரி 104 டிகிரியில் போய் நிற்க வேண்டும்.

நிஜத்தில் அப்படி நிற்பதில்லை. வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. எந்த வழியாக, எவ்வளவு வேகமாக, எந்தச் செல்லிலிருந்து குறைவாக வெளியேறுகிறது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. இந்தக் கேள்விக்குக் காகிதமும் பேனாவும் போதாது.

104 டிகிரி என்பது விளையாட்டான எண்ணும் அல்ல. லித்தியம் அயனி செல்லில் கிராஃபைட் துகள்களின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். 90 டிகிரியை ஒட்டி அது சிதையத் தொடங்கி, சிதையும்போது தானும் வெப்பத்தை வெளியிடும். 130 டிகிரி வாக்கில் இரு மின்முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் பாலிஎத்திலீன் தாள் உருகும். அதன் பிறகு முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், வெப்பம் வினையை வளர்க்க, வினை வெப்பத்தை வளர்க்க, யார் கைக்கும் அடங்காது. 2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் சிக்கி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அதே மாதங்களில் நாட்டின் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகு மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரநிலையைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

செல் சூடாகிறதா என்று அளந்து பார்த்துவிட்டால் என்ன? அளக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பேட்டரியில் இருக்கும் வெப்பநிலை உணரிகள், அதாவது தெர்மிஸ்டர்கள், சொற்பம். அவையும் ஏதோ சில செல்களின் வெளித்தோலில் ஒட்டிக்கொண்டிருப்பவை. செல்லின் உள்ளே செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் தாள் என்று அடுக்கி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அடுக்குகளின் நீளவாக்கில் வெப்பம் எளிதாக ஓடும். குறுக்கே, மையத்திலிருந்து விளிம்பை நோக்கி, இருபது முப்பது மடங்கு சிரமப்பட்டுத்தான் நகரும். ஆகவே தோல் சொல்லும் வெப்பநிலை ஒன்று, நடுவில் இருப்பது வேறு. விற்பனைக்கு வரும் செல்லின் நடுவில் துளை போட்டு தெர்மாமீட்டரைச் செருக முடியாது. அந்த இடத்தைப் பார்க்கத்தான் கணினி சிமுலேஷன்.

சிமுலேஷன் என்றதும் நீலமும் சிவப்புமாகப் படம் வரையும் மந்திரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அடிப்படையில் அது வரவு செலவுக் கணக்கு, அவ்வளவே. ஆராய வேண்டிய பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு நொடித்துளியில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, உள்ளே எவ்வளவு உண்டானது, மிச்சம் எவ்வளவு என்று எழுதுவார்கள். எழுதப்படுவது நிறையாக இருக்கலாம், உந்தமாக இருக்கலாம், வெப்பமாகவோ லித்தியம் அயனியாகவோ இருக்கலாம். ஒரு கட்டத்தின் செலவு பக்கத்துக் கட்டத்தின் வரவு. இந்தக் கணக்கை லட்சக்கணக்கான கட்டங்களுக்கு, ஆயிரக்கணக்கான முறை, ஒரு பைசா தவறாமல் போடப் பொறுமை வேண்டும். மனிதனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஒரே ஒருவருக்கு இருந்தது. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப்போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் வானிலையைக் கையால் கணக்கிட்டார். 1910 மே 20 அன்றைய ஐரோப்பிய அளவீடுகளை எடுத்து, வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று பார்த்தார். 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. நிஜத்தில் அன்று அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை. 145 மில்லிபார் வேறுபாடு பெரும்புயலின் கண்ணில்கூடக் காண்பது அரிது. அந்தக் கையெழுத்துப் பிரதியும் போரில் தொலைந்து, சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. தவறான விடையை மறைக்காமல் 1922-இல் அப்படியே புத்தகமாக வெளியிட்டார். 64,000 பேர் ஒரு மாபெரும் அரங்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வானிலையை எட்டிப் பிடித்துவிடலாம் என்று அதில் கனவும் கண்டார். அவருடைய சமன்பாடுகளில் பிழை இல்லை. தொடக்கமாகக் கொடுத்த காற்று, அழுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வந்த வினை அது என்பது பிற்காலத்தில் தெரிந்தது. இன்றைக்கும் சிமுலேஷன் பொய்த்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் உள்ளே கொடுத்த எண்கள்தான்.

காற்று, நீர் போன்ற பாய்மங்களின் விதிகள் அதற்கு வெகு முன்பே தயார். 1822-இல் பிரெஞ்சுப் பொறியாளர் நாவியேவும் 1845-இல் கணிதவியலர் ஸ்டோக்ஸும் எழுதிய சமன்பாடுகளே இன்றும் விமானத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் பேட்டரியைக் குளிர்விக்கும் நீருக்கும் பொருந்துகின்றன. அவற்றுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்று நிரூபித்தால் பத்து லட்சம் டாலர் தருவதாக 2000-ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது. பொறியாளர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அவர்களை உண்மையில் படுத்தியெடுத்தது அழுத்தம். திசைவேகத்துக்குத் தனிச் சமன்பாடு உண்டு, வெப்பத்துக்கு உண்டு. தண்ணீர் போன்ற அமுங்காத பாய்மத்தில் அழுத்தத்துக்கென்று தனிச் சமன்பாடு கிடையாது. ஆனால் அழுத்தம் தெரியாமல் திசைவேகம் கிடைக்காது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் சுகாஸ் பதங்கர். புணேயில் பொறியியல் படித்து, மும்பை ஐஐடி வழியாக லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனவர். தன் பேராசிரியர் பிரையன் ஸ்பால்டிங்குடன் சேர்ந்து 1972-இல் அவர் வெளியிட்ட முறைக்கு 'சிம்பிள்' என்று பெயர். அழுத்தத்தை முதலில் குத்துமதிப்பாக வைத்துக்கொள். அதிலிருந்து திசைவேகத்தைக் கண்டுபிடி. ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் வரவும் செலவும் ஒத்துப்போகிறதா என்று பார். எங்கே நீர் அதிகமாகச் சேர்கிறதோ அங்கே அழுத்தத்தைக் கூட்டு, எங்கே குறைகிறதோ அங்கே குறை. மறுபடி முதலிலிருந்து. இன்று சந்தையில் இருக்கும் பாய்ம மென்பொருள்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் இந்த முறையோ இதன் வாரிசுகளோ இருக்கும். இந்தியாவில் படித்த ஒருவரின் கைவண்ணம் இவ்வளவு தூரம் பரவியிருப்பது நம் பொறியியல் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகமே.

அடுத்த தலைவலி கொந்தளிப்பு. குழாயில் நீர் மெதுவாக ஓடினால் அடுக்கடுக்காக ஒழுங்காகப் போகும். வேகம் கூடினால் சுழிகள் பிறக்கும், சுழிக்குள் சுழி பிறக்கும். எப்போது எது நடக்கும் என்பதைச் சொல்ல ரெனால்ட்ஸ் எண் இருக்கிறது. குழாயில் அது 2,300-ஐத் தாண்டினால் ஒழுங்கு குலைய வாய்ப்பு உண்டு. மிகச் சிறிய சுழி வரை எல்லாவற்றையும் கணக்கில் எடுப்பதென்றால், ரெனால்ட்ஸ் எண் பத்து மடங்கானால் கணக்கின் செலவு சுமார் ஆயிரம் மடங்காகிறது. 1987-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் கிம், மொயின், மோசர் மூவரும் இரண்டு தட்டையான சுவர்களுக்கு நடுவே ஓடும் பாய்மத்தை இப்படி முழுசாகக் கணக்கிட்டார்கள். அந்த எளிய வடிவத்துக்கே 40 லட்சம் கட்டப்புள்ளிகள் தேவைப்பட்டன.

எனவே தொழிற்சாலைகளில் சுழிகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. சராசரியாக அவை என்ன செய்யும் என்று ஒரு மாதிரியை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். மிகப் பிரபலமான மாதிரியில் 0.09, 1.44, 1.92 என்று சில மாறிலிகள் வரும். இவை இயற்கை விதியிலிருந்து தானாக வந்தவை அல்ல. பரிசோதனைகளோடு பொருந்தும்படி தேர்ந்தெடுத்தவை. பொருந்திய இடத்தில் நன்றாக வேலை செய்கின்றன. பொருந்தாத இடத்திலும் கூச்சமே இல்லாமல் ஒரு விடையைத் தருகின்றன.

பேட்டரிக்காரர்களுக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம். குளிர்விப்புத் தகட்டின் கால்வாய்கள் குறுகலானவை. 5 மில்லிமீட்டர் கால்வாயில் நீரும் கிளைக்காலும் கலந்த திரவம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் 1,250 வாக்கில்தான் வரும். ஓட்டம் ஒழுங்காக இருக்கும், கணக்கும் நம்பகமாக இருக்கும். காரின் வெளிப்புறக் காற்றோட்டத்தைக் கணக்கிடுகிறவர்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

இனி செல்லின் உள்ளே போவோம். சோனி நிறுவனம் 1991-இல் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1993-இல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் நியூமனும் அவருடைய மாணவர்கள் மார்க் டாயில், தாமஸ் ஃபுல்லர் இருவரும் லித்தியம் செல்லுக்கான ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். பேட்டரி சிமுலேஷன் என்று இன்று சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கட்டுரையின் வழித்தோன்றல்தான்.

அவர்கள் முன்னால் இருந்த சங்கடம் அளவுகளில் இருந்தது. பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் நீளம் இருக்கலாம். அதனுள் மின்முனைப் பூச்சின் தடிமன் மனிதத் தலைமுடி அளவுதான், 100 மைக்ரான் வாக்கில். பூச்சுக்குள் இருக்கும் ஒரு துகளின் குறுக்களவு 10 மைக்ரான். பெட்டிக்கும் துகளுக்கும் ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு துகளையும் வரைந்து கட்டம் போட்டால் எந்தக் கணினியும் படுத்துவிடும். நியூமன் துகள்களை வரையவே இல்லை. பூச்சின் ஒவ்வொரு இடத்திலும் திண்மமும் திரவமும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தே இருப்பதாக எடுத்துக்கொண்டார். பூச்சின் தடிமன் வாக்கில் ஒரே ஒரு கோடு. கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த இடத்துத் துகள்களுக்கெல்லாம் பிரதிநிதியாக ஒரே ஓர் உருண்டை. அயனி அந்தத் திரவத்தில், அதாவது மின்பகுளியில், கோட்டோடு நகரும்; உருண்டைக்குள் நுழைந்ததும் மையத்தை நோக்கி நகரும். அங்கும் அதே வரவு செலவுக் கணக்குதான்.

உருண்டைக்குள் நகர்வது லேசில் நடக்காது. துகளின் ஆரம் 5 மைக்ரான் என்றால், லித்தியம் அதற்குள் விரவிச் சமநிலைக்கு வர 40 நிமிடம் வரைகூட ஆகலாம். ஆரம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. 'இருபதே நிமிடத்தில் சார்ஜ்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் முட்டிக்கொள்வது இங்கேதான். வேகமாக அயனிகளைத் தள்ளினால் அவை துகளின் மேற்பரப்பிலேயே நெருக்கியடித்து நிற்கும். உள்ளே காலி, வெளியே நிரம்பல்.

மேற்பரப்பு நிரம்பிய பிறகும் தள்ளினால் லித்தியம் துகளுக்குள் போகாமல் உலோகமாக அதன் மேலேயே படியத் தொடங்கும். இது நடக்கும் எல்லை தெளிவானது: கிராஃபைட் முனையின் மின்னழுத்தம், லித்தியம் உலோகத்தோடு ஒப்பிட, சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது. ஏற்கெனவே சார்ஜ் நிறைந்த கிராஃபைட் சுழியத்துக்கு வெறும் 0.1 வோல்ட் மேலேதான் நிற்கிறது, ஆகவே விளையாட இடம் குறைவு. படிந்த உலோகத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்காது, கொள்ளளவு குறையும். ஊசிபோல் வளர்ந்து பிரிப்புத் தாளைக் குத்தினால் விபத்து. இவ்வளவு முக்கியமான அந்த ஒரு மின்னழுத்தத்தை அளக்க வழியில்லை. செல்லுக்கு இரண்டே முனைகள். வோல்ட்மீட்டர் காட்டுவது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும். மூன்றாவதாக ஓர் ஒப்பீட்டு முனையை ஆய்வகத்தில் செருகலாம், கடையில் விற்கும் செல்லில் முடியாது. நியூமனின் மாதிரி அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தருகிறது. எந்த இடத்தில் முதலில் படியும் என்றும் சொல்கிறது: பிரிப்புத் தாளை ஒட்டிய விளிம்பில். 80 சதவீதத்துக்கு மேல் வேகச் சார்ஜர் தானாகவே நிதானமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது இரண்டு கணக்குகளையும் இணைக்க வேண்டும். செல் வெப்பத்தைத் தருகிறது. அதைத் திரவம் எடுத்துப்போகிறது. எடுத்தது போக மிஞ்சியது செல்லின் வெப்பநிலையை உயர்த்துகிறது. உயர்ந்த வெப்பநிலை செல்லின் வேதிவினையை மாற்றுகிறது. சூடான செல்லில் மின்தடை குறையும். பக்கம் பக்கமாக இணைத்த செல்களில் மின்தடை குறைந்தது எதுவோ அது அதிக மின்னோட்டத்தைச் சுமக்கும். திரவம் நுழையும் வாயருகே இருக்கும் செல் குளிர்ச்சியாக இருக்க, கடைசிச் செல் ஏற்கெனவே சூடேறிய திரவத்தைப் பெற்று, கூடுதலாக உழைத்து, சீக்கிரம் மூப்படையும். டெஸ்லா மாடல் எஸ் காரின் 85 கிலோவாட்-மணி பேட்டரியில் 7,104 செல்கள். அவற்றின் நடுவே பாம்புபோல் வளைந்து போகும் திரவக் குழாய் எந்தப் பக்கம் திரும்பினால் முதல் செல்லுக்கும் கடைசிச் செல்லுக்கும் வித்தியாசம் குறையும் என்பது, ஒவ்வொன்றையும் செய்து பார்த்துத் தீர்க்கிற விவகாரம் அல்ல.

இணைப்பதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. 1928-இலேயே கூரண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணிதவியலர்கள் ஒரு விதியைக் கண்டார்கள்: முந்தைய நொடியிலிருந்து அடுத்த நொடியை நேரடியாகக் கணக்கிடும் முறைகளில், ஒரு கால அடிக்குள், அதாவது கணக்கு ஒருமுறை முன்னே நகரும் நேரத்துக்குள், பாய்மம் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது, குதித்தால் விடை வெடித்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கட்டத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் திரவம் ஓடினால் கால அடி ஒரு மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். அரை மணி நேர ஓட்டத்துக்கு 18 லட்சம் அடிகள். ஆனால் ஓட்டம் சில நொடிகளில் நிலைக்கு வந்துவிடுகிறது, செல் சூடாகத்தான் நிமிடங்கள் ஆகின்றன. எனவே அனுபவஸ்தர்கள் ஓட்டத்தை ஒருமுறை மட்டும் தீர்த்து அப்படியே உறையவைத்துவிட்டு, வெப்பக் கணக்கை மட்டும் நீண்ட அடிகளில் நகர்த்துவார்கள். ஒரு வாரம் ஓட வேண்டிய கணக்கு ஒரு ராத்திரியில் முடியும். இப்படி எதை விடலாம் என்று தெரிந்திருப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி சாமர்த்தியம்.

நம் ஊர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. மழை, தூசிக்குப் பயந்து பெட்டியை மூடி முத்திரையிட்டிருக்கிறார்கள். சம கன அளவில் எடுத்துக்கொண்டால் ஒரு டிகிரி உயர நீர் வாங்கும் வெப்பம் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு. சிக்கிக்கொண்ட காற்றோ நகராமல் நின்று செல்லுக்குக் கம்பளி போர்த்துகிறது. செல்லுக்கும் அலுமினியப் பெட்டிக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசையை எத்தனை மில்லிமீட்டர் ஊற்றுவது, பெட்டியின் வெளியே துடுப்புகள் வைப்பதா வேண்டாமா என்ற கேள்விகளுக்கு சிமுலேஷனில் ஒரே நாளில் பத்து வடிவங்களைப் பார்த்துவிடலாம். விலை மலிவான வண்டிக்கே இந்தக் கணக்கு அதிகம் தேவை என்பது என் கருத்து. தவறைச் சரிக்கட்ட அதில் வேறு ஏற்பாடு கிடையாது.

சரி, வந்த விடையை எவ்வளவு நம்பலாம்? 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் என்ற எண்ணெய் மேடையின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கி நொறுங்கியது. நஷ்டம் 70 கோடி டாலர். பாய்மக் கணக்கின் சகோதரமான கட்டமைப்புக் கணக்கில், ஒரு மூலையில் கட்டங்களைச் சரியாகப் போடாததால், சுவரின் மேல் விழும் வெட்டுத்தகைவை 47 சதவீதம் குறைவாகக் காட்டியிருந்தது கணினி. படம் அன்றும் அழகாகத்தான் இருந்திருக்கும். கட்டங்களை இரட்டிப்பாக்கிப் பார்த்தும் விடை மாறாமல் நிற்கிறதா என்று சோதிக்காத எந்த சிமுலேஷனையும் நான் ஓர் ஓவியமாக மட்டுமே மதிப்பேன்.

பேட்டரி மாதிரிக்கு இன்னொரு பலவீனம்: அது கேட்கும் எண்கள் முப்பதுக்கும் மேல். துகளின் ஆரம், பூச்சின் துளைமை, விரவல் கெழு, வினை வேகம் என்று நீளும் பட்டியலை எந்த செல் உற்பத்தியாளரும் கொடுப்பதில்லை. 2020-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிலர் கடையில் கிடைக்கும் ஒரு 21700 செல்லைப் பிரித்துப்போட்டு, ஒவ்வொன்றையும் அளந்து, எண்களை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார்கள். பெரிய உபகாரம் அது. இன்று உலகெங்கும் பேட்டரிக் கணக்குப் போடுகிறவர்களில் பலர் அந்த எண்களை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். சிலர் தங்கள் செல் வேறு என்பதை மறந்து அதோடு முடித்தும் விடுகிறார்கள்.

வண்டிக்குள்ளேயே இந்தக் கணக்கைப் போட முடியுமா என்பது அடுத்த கட்டம். பேட்டரியை மேய்க்கும் சில்லு மலிவானது. அதில் பெரும்பாலும் சில மின்தடைகள், ஒன்றிரண்டு மின்தேக்கிகளால் ஆன எளிய சுற்று மாதிரிதான் ஓடுகிறது. நியூமனின் முழு மாதிரியைச் சுருக்கி மில்லிநொடிகளில் தீர்க்க வழி தேடியவர்களில் வெங்கட் சுப்ரமணியன் ஒருவர். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பட்டப்படிப்பு முடித்து அமெரிக்கா போனவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம் அது. லித்தியம் அயனி பேட்டரி சந்தைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம்.

இந்தக் கணக்குகளுக்கான கருவிகள் இன்று பூட்டிய அறையில் இல்லை. இம்பீரியல் கல்லூரியில் பிறந்த ஓப்பன்ஃபோம் என்ற பாய்ம மென்பொருள் 2004 முதல் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் திறந்திருக்கிறது. நியூமனின் மாதிரியைத் தீர்க்கும் பைபாம் என்ற பைத்தான் தொகுப்பும் அப்படியே. ஒரு மணி நேர மின்னிறக்கத்தைச் சாதாரண மடிக்கணினியில் சில நொடிகளில் போட்டுக்காட்டுகிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரே வேண்டுகோள்: இறுதியாண்டு அறிக்கையில் வண்ணப்படம் ஒட்டும்போது, பக்கத்திலேயே ஒரு நிஜச் செல்லை உற்பத்தியாளர் அனுமதித்த மின்னோட்டத்தில் ஓட்டி, தெர்மோகப்பிள் வைத்து அளந்த வெப்பநிலைக் கோட்டையும் போடுங்கள். தெர்மோகப்பிளின் விலை சில நூறு ரூபாய்தான்.